உறைகிணறு போட்டு ஒரு மழைக்காலம் ஆச்சு

திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஐப்பசி மழை பெய்தால் இரண்டு நாள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பேருக்குத் தோண்டிய குழி எப்போதோ தூர்ந்துபோச்சு. போன வருஷம் ஆள் வைத்து, மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்காக 3 அடி அகலம், 12 அடி ஆழத்தில் உறைகிணறு இறக்கினோம். துளை போட்ட சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மூடி போட்டு, மாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒரு சின்ன வண்டல் தொட்டி வழியாக உள்ளே இறங்கும்படி செய்தார்கள். அந்தத் தொட்டி எதுக்கு சார், வீண் செலவு என்றார்கள் முதலில். நான்தான் பிடிவாதமாகக் கட்ட வைத்தேன், முதல் மழைக்கே அதில் ஒரு கூடை வேப்பிலையும் சேறும்! அதெல்லாம் கிணற்றுக்குள் போயிருந்தால் மண் அடைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது மழை விட்ட அரை மணி நேரத்தில் முற்றம் காலி. எங்களுடையது கடற்கரை மணல், சட்டென்று குடித்துவிடும். வேளச்சேரிப் பக்கம் களிமண்ணில் இருக்கிற என் தம்பி தானும் போடலாமா என்று கேட்டான், முதலில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாரு, அப்புறம் பணம் கொடு என்றேன். செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள்.

வேலைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். மூடி இன்னும் ஆடுகிறது, மூன்று தடவை போன் பண்ணியாச்சு.