ப்ரோக்ரசிவ் லென்ஸ் கண்ணாடி: வாங்கி அணிந்த பிறகு

வெள்ளெழுத்து வந்தபின் படிக்க ஒரு கண்ணாடி, வெளியே செல்ல ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றி அணிந்து சலித்துப்போய், எங்கள் ஊர்க் கடை ஒன்றில் நடுத்தர விலையில் ப்ரோக்ரசிவ் லென்ஸ் போட்டுக்கொண்டேன். மேலே தூரப்பார்வை, கீழே வாசிப்பு, நடுவே கணினித் திரை எனப் பவர் படிப்படியாக மாறும் இந்த லென்ஸில், தூரத்துக்கும் வாசிப்புக்கும் இரண்டே பவர் கொண்ட பைஃபோகல் லென்ஸில் உள்ள கோடு கிடையாது. பிரான்சின் பெர்னார் மெத்னாஸ் உருவாக்கிய வாரிலக்ஸ் என்ற ப்ரோக்ரசிவ் லென்ஸ் 1959இல் வெளிவந்த காலம் முதல் இவ்வகை லென்ஸ்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும், பவர் மாறும் நடுப்பாதையின் இரு ஓரங்களிலும் காட்சி கலங்குவது ஒளியியலின் கட்டுப்பாடு என்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது முற்றிலும் நீங்காது.

முதலில் அணிந்தபோது மாடிப்படி இருக்கும் இடம் ஒன்றாகவும் தெரியும் இடம் வேறாகவும் இருந்தது. தலையைத் திருப்பினால் கதவு நிலை வளைந்து அசைந்தது. தலை ஒரு பக்கம் திரும்பும்போது, உட்செவியின் சமநிலை உறுப்பு தரும் செய்தியைக் கொண்டு மூளை கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிக் காட்சியை நிலைநிறுத்துகிறது. எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற கணக்கு பல்லாண்டுப் பழக்கத்தில் படிந்தது. லென்ஸ் இடத்துக்கு இடம் உருவத்தின் அளவை மாற்றியதும் அந்தக் கணக்கு பிசகி, அசையாத சுவரும் அசைகிறது. இந்தப் பிசகைச் சிறுமூளை மெல்லத் திருத்திக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் 1890களில், உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை நாட்கணக்கில் அணிந்திருந்து, தம் கைகால்கள் அந்தக் காட்சிக்கு இணங்கியதைப் பதிவு செய்தார். அதை நினைத்தால் நாம் கேட்கும் திருத்தம் மிகச் சிறியது. கழற்றிக் கழற்றிப் போடாமல் தொடர்ந்து அணிந்தேன். சில நாட்களில் தரை நேராயிற்று.

கடையில் என்னைக் கவர்ந்தது அளவெடுத்த விதம். ஃபிரேமை அணிவித்து, என் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, கண்மணி வரும் இடத்தை மாதிரி லென்ஸின் மீது பேனாவால் குறித்தார்கள். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணிக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே எடுத்தார்கள். தயாரான லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய பொறிப்புகள் தெரியும். குறித்த இடத்தில்தான் லென்ஸ் பொருந்தியிருக்கிறதா என்பதை அவற்றைக் கொண்டு சரிபார்க்கலாம். என் வருத்தமெல்லாம், தலைசுற்றல் ஏன் வருகிறது என்பதை விளக்காமல் "போகப் போகப் பழகிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியதுதான். காரணம் தெரியாதவர்கள் பயந்து, கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள்.

நடப்பதற்கும், பேருந்தின் பெயர்ப்பலகை பார்ப்பதற்கும், உடனே கைப்பேசி படிப்பதற்கும் இது மிக நன்று. படுத்துக்கொண்டு படிக்க உதவாது. நாள் முழுதும் பெரிய திரை முன் இருப்பவர்கள் அதற்கெனத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வதே நல்லது. உயரம் குறைந்த ஃபிரேமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் வாசிப்புப் பகுதிக்கு இடம் போதாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து அணிந்தும் தலைசுற்றல் குறையவில்லையென்றால், மூளை பழகட்டும் என்று காத்திராமல் கடைக்குப் போய் அளவுகளை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். தவறான இடத்தில் பொருத்திய லென்ஸுக்கு மூளை ஈடுகொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.