ஆச்சியின் ஈயச் சொம்பு: 14 வருஷம் ரசம் வைத்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உருகிய சொம்பு. ஒருமுறை இல்லை, இரண்டு முறை உருகியது. ஈயச் சொம்பைப் புகழ்ந்து எழுதுகிற பலரும் இந்த விஷயத்தை மட்டும் நைசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் இருந்த எங்கள் ஆச்சி வீட்டுப் பாத்திரம் இது. 1951ல் கல்யாணச் சீரோடு வந்தது என்பார்கள். ஆச்சிக்கு அப்புறம் அம்மா புழங்கினாள். 2011ல் நான் சென்னையில் வீடு எடுத்தபோது அம்மா அதைப் பழைய துண்டில் சுற்றி, அரிசிப் பைக்குள் புதைத்து, என்னோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டாள். "துணி மணி தொலைஞ்சாலும் பரவாயில்ல, அரிசிப் பைய மட்டும் தலைமாட்டுல வச்சுக்கோ" என்றாள். நகை, நிலம் என்று எங்கள் குடும்பத்தில் கைமாற்றிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கிடையாது. இருந்தது இந்தச் சொம்புதான். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், நாலு பேருக்கு ஒரு வேளை ரசம்.

ஈயம் என்றதும் வருகிற முதல் கேள்விக்கு வருகிறேன். தமிழில் இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை இது. சொம்பு செய்வது வெள்ளீயத்தில். கார் பேட்டரியில் இருப்பது காரீயம், அது விஷம். உடம்பில் இவ்வளவு வரைக்கும் போகலாம் என்று சொல்லும்படி அதற்குப் பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. என் மகள் பிறந்த சமயம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி, சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு "அந்தச் சொம்பைத் தூக்கிப் போடு, பிள்ளைக்கு மூளை வளராது" என்றே சொல்லிவிட்டார். எனக்கும் பயம் வந்துவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு, வெள்ளீயத் துண்டைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் வரும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். எடையிலும் தெரியும், ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம்தான். ஆனால் முழுச் சொம்பை யார் வளைத்துப் பார்ப்பது? அதிலும் கொஞ்சமாகக் காரீயம் கலந்திருந்தால் இந்தக் கைவைத்தியம் எதிலும் பிடிபடாது. அதனால் உலோகம் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கீறாமல், உடைக்காமல், எக்ஸ்ரே கருவியை வைத்துப் பார்த்துச் சில நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள், சுத்தமான வெள்ளீயம். பழைய சொம்பு வைத்திருப்பவர்களும் சரி, புதிதாக வாங்குகிறவர்களும் சரி, இதைச் செய்துவிடுங்கள். எங்கள் ஆச்சி காலத்துப் பொருள், கலப்படமே இருக்காது என்று சொல்வது பாசம், பரிசோதனை ஆகாது.

சின்ன வயதில் ஆச்சி வீட்டுத் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே பூசுவதும் இதே வெள்ளீயம்தான். மண்ணில் குழி தோண்டி, துருத்தி போட்டு, அண்டாவைச் சுடவைத்து நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை, அப்புறம் ஈயக்குச்சியைத் தொட்டு பஞ்சால் ஒரு சுழற்று, அவ்வளவுதான், கறுத்த பாத்திரத்தின் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். நாங்கள் இருமிக்கொண்டே பக்கத்தில் நிற்போம். ஆச்சி மட்டும் தன் சொம்பை அவர் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். ஏன் என்று அப்போது கேட்டதில்லை.

சரி, புழக்கத்துக்கு வருவோம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சொம்பு அதன் சூட்டைத் தாண்டி ரொம்ப ஏறாது, நூறு டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே நிற்கும். தண்ணீர் இல்லையென்றால் காஸ் அடுப்பின் தீக்கு 232 எல்லாம் ஒரு விஷயமே இல்லை. அதனால் முதலில் புளித்தண்ணீரை ஊற்று, அப்புறம் அடுப்பைப் பற்றவை, இறக்கும்போது முதலில் அடுப்பை அணை, அப்புறம் சொம்பைத் தொடு. அம்மா இதைப் பாடம் மாதிரி ஒப்பிக்கச் சொல்லித்தான் கொடுத்தனுப்பினாள். தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது, சின்ன பர்னர்தான் இதற்குச் சரி. தாளிப்பை இதற்குள் செய்யவே கூடாது, நெய் காய்ந்தால் இருநூறு டிகிரியை நெருங்கும், இரும்புக் கரண்டியில் தாளித்து ரசத்தின் மேல் கொட்ட வேண்டும். இடுக்கியால் பிடித்தால் விளிம்பு நசுங்கும், என் சொம்பின் விளிம்பில் ஒரு மூக்கு மாதிரி வளைவு வந்தது என் மனைவியின் இடுக்கியால்தான் (அவள் அதை ஊற்றுவதற்கு வசதி என்கிறாள், உண்மைதான்). கம்பி நார் போட்டுத் தேய்க்கக்கூடாது. வைத்த ரசத்தை அதிலேயே ராத்திரி முழுக்க விடக்கூடாது, புளிப்பு ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், சாப்பாடு முடிந்ததும் எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டாத உலோகம். 2017ல் வீடு மாறியபோது காஸ் இணைப்பு வர மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ருசி? நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே புளி, ஒரே தக்காளி, ஒரே பருப்புத் தண்ணீர் வைத்து இரண்டு பாத்திரத்திலும் ரசம் வைத்து, எது எதில் என்று சொல்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தோம். அம்மா மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். என் மனைவி இரண்டும் ஒன்றுதான் என்றாள். நான் மூன்றில் ஒன்றைத் தப்பாகச் சொன்னேன், அதுவும் மிகுந்த நம்பிக்கையோடு. ஈய மணம் என்று ஒன்று உண்டு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், ஆனால் அதில் பாதி ஆச்சி வீட்டு அடுக்களையின் நினைப்பாக இருக்கலாம், மீதிக்கு வேறு காரணம் இருக்கிறது. உருகிவிடுமோ என்ற பயத்தில் சின்னத் தீயில், பக்கத்திலேயே நின்று, நுரை கூடி வருகிற அந்த நிமிஷத்தில் இறக்குகிறோம் இல்லையா, ரசத்துக்கு வேண்டியதே அதுதான். எவர்சில்வரில் வைத்துவிட்டு போனைப் பார்க்கப் போகிறோம், அது தளதளவென்று கொதித்து மணமெல்லாம் சிம்னி வழியாகப் போய்விடுகிறது.

இந்த நிற்கிற விஷயத்தைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் தானாக வேலை செய்யும். குக்கர் விசிலடித்துக் கூப்பிடும், துணி மிஷின் பாட்டுப் பாடும். பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பது இந்தச் சொம்பு ஒன்றுதான். சாயங்காலம் ஏழரை மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம், நகர முடியாது. ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பன்னிரண்டு நிமிஷம் மகளுக்குத் தெரிந்துபோயிற்று. அப்பா எங்கேயும் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் என்று கண்டுபிடித்து, மேடையில் ஏறி உட்கார்ந்து, வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பாள். மனைவி ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "மிளகு ஜாஸ்தியா?" என்று வாசலில் இருந்து கேட்பாள். சொல்லும்படியாக எதுவும் நடக்காது. நடக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021 மே மாதத்தில் தெரிந்தது.

கொரோனா வந்து மூவரும் தப்பித்துவிட்டோம், ஆனால் எனக்கு வாசனை போய்விட்டது. சோற்றுக்கும் சோப்புக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியும் சாயங்காலம் சொம்பை ஏற்றினேன், வேறென்ன செய்வது, மற்றவர்கள் சாப்பிட வேண்டுமே. மூக்கு இல்லாமல் கண்ணை மட்டும் வைத்து, ஓரத்தில் நுரை கட்டுவதைப் பார்த்து இறக்கினேன். மூன்று வாரம் அப்படியே போனது. ஒருநாள் நுரை எழும்பி வருகிறபோது லேசாக, எங்கோ பக்கத்து வீட்டில் வைக்கிற மாதிரி, மிளகும் சீரகமும். மூக்கைச் சொம்பின் மேல் வைத்துக்கொண்டு நின்றதில் முகம் வெந்தது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. மகள் "அப்பா, வழியுது" என்று கத்தினாள், நான் அணைக்கவே இல்லை. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது உருகிய கதை. 2022 மார்ச். சொம்பைக் கழுவித் துடைத்து, இடமில்லாமல் அடுப்பின் மேலேயே கவிழ்க்காமல் வைத்திருந்தேன். பக்கத்து பர்னரில் பால். ஆபீஸ் அழைப்பு ஒன்று காதில் ஓடிக்கொண்டிருந்தது, பாலுக்கென்று திருகியது சொம்புக்குக் கீழே இருந்த பர்னரை. சத்தமே இல்லை, வாசனையும் இல்லை. திரும்பிப் பார்க்கும்போது அடிப்பக்கம் பாதரசம் மாதிரி பளபளத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்து சொட்டிவிட்டது. 71 வருஷப் பொருள், ஒன்றரை நிமிஷம்.

இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்றாவது நாள் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் சிரிப்பு. "ஒங்க ஆச்சியும் உருக்குனவதான்டா" என்றாள். 1978ல் ஆனித் திருவிழா, நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டதும் ஆச்சி ஸ்டவ்வில் ரசத்தை மறந்துவிட்டு ஓடியிருக்கிறாள். தேர் நிலைக்குப் போகிற வரைக்கும் திரும்பவில்லை. வந்து பார்த்தால் சொம்பு பாதிதான் இருந்திருக்கிறது. தாத்தாவுக்குத் தெரியாமல் உருக்கிக் கொடுத்து, அதே ஈயத்தில் வேறு சொம்பு அடித்து வாங்கியிருக்கிறாள். ஈயம் பூசுகிறவர் கண்ணில் படாமல் அவள் ஒளித்து வைத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது, சரிசெய்து கொடுத்த ஆளே அவர்தானாம், வாயைத் திறந்து ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். "மூணு பேர்ல நான் ஒருத்திதான் உருக்கல" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆக, நான் பத்திரமாகத் தூக்கி வந்து சீராட்டிய கல்யாணச் சீர்ச் சொம்பு, ஏற்கெனவே மறுபிறவி எடுத்த சொம்பு.

நானும் கும்பகோணம் போய் அதையே செய்தேன். ஈயப் பாத்திரம் எடைக் கணக்குதான், பழசை எடை போட்டுக் கழித்துக்கொண்டு வேறு தருவார்கள். எனக்கு வேறு வேண்டாம், இதையே உருக்கி அடித்துத் தர வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேராம். மிச்சம் இருந்தது 655 கிராம், போதாமல் கொஞ்சம் புது ஈயம் சேர்க்க வேண்டியிருந்தது. என் நேரம், உலகச் சந்தையில் ஈயம் உச்ச விலைக்குப் போயிருந்த மாதம் அது. கூலியும் சேர்த்து, நல்ல மிக்ஸி ஒன்று வாங்கியிருக்கலாம். புது ஈயம் சேர்ந்ததால் மறுபடி பரிசோதனையும் செய்தேன். கழுத்து முன்பை விட ஒரு விரல் அகலம் கூட, அதனால் நுரை கொஞ்சம் தாமதமாகக் கூடுகிறது, பழக ஒரு மாதம் ஆனது. மனைவிக்கு அந்த மூக்கு போய்விட்டதில் வருத்தம். இது ஆச்சி சொம்புதானா என்று மகள் கேட்டாள், ஆச்சியே அப்படித்தானே நினைத்துப் புழங்கினாள் என்றேன்.

யாருக்கு இது ஒத்துவரும் என்று கேட்டால், தினமும் அடுப்பின் பக்கத்தில் நிற்க ஆளுள்ள வீட்டுக்கு. இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே சமைக்கிற வீடு என்றால் வேண்டாம், காசு வீண். சமையலுக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களிடம் தரவே தராதீர்கள், உருகினால் பழி அவர்கள் தலையில் விழும், பாவம்.

ஒரு துண்டு பாக்கி. சொம்பு உருகி ஆறு மாதம் கழித்து அடுப்பைச் சரிபார்க்க வந்தவர் பர்னர் தட்டைத் தூக்கினார், அடியில் வட்டமாக உறைந்து கிடந்தது ஒரு சொட்டு. எடை போட்டால் 31 கிராம். அம்மா அதை அஞ்சறைப் பெட்டியில் வை என்றாள், வைத்தேன். மகள் எடுத்துக்கொண்டு போய் பாண்டி ஆட்டத்துக்குச் சில்லாக்கிவிட்டாள். ஓட்டுச் சில்லு தெறித்து ஓடும், இது விழுந்த கட்டத்திலேயே உட்காருகிறது, அதனால் எங்கள் அடுக்ககப் பிள்ளைகளிடம் அதற்கு ஏகப்பட்ட மரியாதை. நேற்று சாயங்காலம் அது உருண்டு கார்களுக்கு அடியில் போய்விட்டதென்று கீழேயிருந்து கத்தினாள். மேலே புளித்தண்ணீர் அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்து, அணைந்ததா என்று குனிந்து பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.