அட்டையில் ‘100% காட்டன்’, உள்ளே மரக்கூழ்: நீர்வண்ணத் தாள் வாங்குவோர் கவனத்துக்கு

நீர்வண்ணத் தாளைப் பெரிய தள்ளுபடியில், கட்டாக, கேள்விப்படாத பிராண்டில் வாங்க யோசிப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கி நான் நன்றாக ஏமாந்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். தாளின் கோளாறுக்கு என் கையைக் குறை சொன்னார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அட்டையில் அச்சிட்டிருந்தது இதுதான்: 100% காட்டன், 300 ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ், ஆசிட் ஃப்ரீ. அதாவது முழுக்கப் பருத்தி இழை, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, சூடில்லாமல் அழுத்திய சொரசொரப்பான மேற்பரப்பு, அமிலமற்றது. ஓரங்கள் பிசிறு பிசிறாக, கையால் செய்த தாள்போல இருந்தன. தொட்டுப் பார்த்தால் கனமாக, சொரசொரப்பாக, நன்றாகவே இருந்தது. பார்வையிலும் தொடுதலிலும் குறையே தெரியாது. தண்ணீர் பட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

மாலை வானம் ஒன்று போட ஆரம்பித்தேன். தாள் முழுக்கத் தண்ணீர் பூசி, ஈரத்தின்மேல் வண்ணத்தை விட்டுத் தாளைச் சாய்த்தால் நீலமும் ஆரஞ்சும் தாமாகவே ஒன்றில் ஒன்று கரையும். நல்ல தாளில் அதற்கு நேரம் கிடைக்கும். பூசிய தண்ணீர் மேலே பளபளவென்று நிற்கும், அந்தப் பளபளப்பு மெல்ல மங்குவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். இந்தத் தாளில் தூரிகையை எடுப்பதற்குள் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வண்ணம் விட்ட இடத்திலேயே உறைந்தது, தூரிகை போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. காய்ந்தபின் பார்த்தால் வானமெங்கும் கடுகளவு கரும்புள்ளிகள். வண்ணம் போடும்வரை அவை கண்ணுக்கே தெரியவில்லை.

அந்தப் புள்ளிகளுக்குக் காரணம் சைசிங் எனப்படும் பசைப்பூச்சில் இருக்கும் குறை. காகித இழை இயல்பாகவே தண்ணீரை உறிஞ்சும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ஜெலட்டின், மாவுப்பசை அல்லது செயற்கைப் பசையைக் கூழிலேயே கலப்பார்கள், அல்லது தாளைப் பசையில் முக்கி எடுப்பார்கள். நல்ல தாள்கள் பலவற்றில் இரண்டும் உண்டு. இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே விலங்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள், எழுத்து மை தாளில் ஊறிப் பரவாமல் இருப்பதற்காக. பசை போதாவிட்டால் தாள் மையொற்றும் தாளாகிவிடும். நெடுநாள் ஈரமான இடத்தில் கிடந்தால் இருக்கும் பசையும் அங்கங்கே கெட்டுப்போகும். அந்த இடம் மட்டும் வண்ணத்தைக் கூடுதலாகக் குடித்துப் புள்ளியாக நிற்கும். எனக்கு வந்தது மட்டமான தயாரிப்பா, கிடங்கில் கிடந்து கெட்ட பழைய சரக்கா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

ஒரே தாளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று இன்னொன்றை எடுத்தேன். ஏரிக்கரையில் நிற்கும் கொக்குகள், நண்பர் ஒருவருக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட படம். கொக்குகளின் வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்து, காய்ந்தபின் தேய்த்து எடுக்கும் ரப்பர் போன்ற திரவம்) தடவி, சுற்றிலும் பச்சையும் சாம்பலுமாக அடுக்கிக்கொண்டு போனேன். இரண்டாவது அடுக்கு போடும்போதே முதல் அடுக்கு கரைந்து மேலே வந்து சேறாகக் குழம்பியது. தூரிகையில் வெள்ளைத் துகள்கள் திரிதிரியாக ஒட்டிக்கொண்டன. அத்தனையும் தாளின் நார். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்கிங்கை விரலால் மெதுவாகத் தேய்த்து எடுத்தால், கூடவே தாளின் மேல்தோலும் உரிந்து வந்தது. கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு பஞ்சாக ஒரு புண். ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பும் தன் பங்குக்கு ஒரு பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் தாளைச் சோதிக்க உட்கார்ந்தேன். முதலில் எடை. 300 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம். அந்தக் கணக்கில் 56 க்கு 76 செ.மீ. முழுத்தாள் ஏறக்குறைய 128 கிராம், ஏ4 தாள் 18.7 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் சில தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். என் தாள் எடையில் சரியாகவே இருந்தது! ஏமாற்று வேலையே இங்கேதான் இருக்கிறது. ஜிஎஸ்எம் என்பது எடை, அவ்வளவுதான். தாள் எவ்வளவு நெளியும் என்று அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இழை என்ன, பசை எப்படி என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. மரக்கூழிலும் 300 ஜிஎஸ்எம் தாராளமாகச் செய்யலாம். ‘300 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று சொல்லித் தருகிறார்களே, அந்த அறிவுரையை நம்பித்தான் இப்படிப்பட்ட சரக்கு விற்கிறது.

அடுத்து சொரசொரப்பு. தாளை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். ஒரே அளவுக் குழிகள் ஒரே இடைவெளியில், தேன்கூட்டு அச்சுபோல மூலைக்கு மூலை வரிசையாக ஓடின. கம்பளிப் பட்டையில் அழுத்தி உருவாகும் கோல்ட் பிரஸ் மேற்பரப்பு இத்தனை ஒழுங்காக இருக்காது. பிசிறு ஓரமும் ஒப்பனைதான், கிழித்துச் செய்திருக்கிறார்கள். ஒரு பட்டையை நனைத்துக் கிழித்துப் பார்த்தேன், முனையில் நீளமான இழைகள் தொங்கவில்லை, குட்டையாக, மாவாக முறிந்தது. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது, அதாவது வெளுப்பேற்றும் ரசாயனம் கலந்திருக்கிறது. ஒளிர்வதாலேயே காட்டன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வெளுப்பு காலப்போக்கில் மங்கும், தாளின் நிறமும் கூடவே மாறும். நிலைத்து நிற்க வேண்டிய படத்துக்கு அது ஆகாது.

கடைசியாக ஒரு துண்டைப் பாதி மூடி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்தேன். சில வாரங்களில் மூடாத பாதி மட்டும் மஞ்சளாகிவிட்டது. மரத்திலிருக்கும் லிக்னின்தான் ஒளி பட்டால் இப்படிப் பழுக்கும், பருத்தியில் அது இல்லை என்றே சொல்லலாம். ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற சொல்லைக் காட்டனுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்கி, சுண்ணாம்புச் சத்து சேர்த்து அமிலமற்ற தாள் செய்யலாம். செய்கிறார்கள். அதில் தப்பே இல்லை. எனக்கு வந்ததோ அந்த வகைகூட இல்லை.

இவ்வளவையும் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். வந்த முதல் பதில்: “தண்ணீர் அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.” நீர்வண்ணத் தாளில் தண்ணீர் விட்டது குற்றமாம். அடுத்த பதிலில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும், பயிற்சியில் சரியாகிவிடும் என்று ஆறுதல் வேறு. இழை என்ன என்று நேராகக் கேட்டபோது, காட்டன் என்றது ‘காட்டன் ஃபினிஷ்’ என்ற பொருளிலாம்! அட்டையில் 100% என்று எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. திருப்பி அனுப்பும் காலக்கெடு அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு, விற்பனைப் பக்கத்தில் நான் எழுதிய மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். நீக்கவில்லை. பணமும் வரவில்லை.

போலித் தாள் ஒன்றும் இன்றைக்கு முளைத்த தொழில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாட்மன் செய்த தாளுக்கு அப்படி ஒரு பெயர். ஓவியர் டர்னரே அதில் வரைந்தவர். அந்தப் பெயரை நம்பி ஐரோப்பாவின் பிற நாட்டு ஆலைகள் தங்கள் தாளில் வாட்மனின் நீர்க்குறியை (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் ஆலையின் அடையாளம்) போட்டு விற்றிருக்கின்றன. இப்போது நீர்க்குறிகூடத் தேவைப்படவில்லை, அட்டையில் நாலு வார்த்தை அச்சிட்டால் போதும்.

மரக்கூழ் தாளை நான் தாழ்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நல்ல பசை போட்ட மரக்கூழ் தாள், பெயரைச் சொல்லி நேர்மையாக விற்கப்பட்டால், பயிற்சிக்கு அருமையானது. வண்ணம் மேற்பரப்பிலேயே தங்குவதால் ஈரத்தூரிகையால் எடுத்துத் திருத்துவதும் சுலபம், நிறமும் பளிச்சென்று தெரியும். காட்டனில் வண்ணம் இழைக்குள் பிடித்துக்கொள்ளும், அடுக்கு மேல் அடுக்கு போட்டாலும் கீழே இருப்பது அசையாது. இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றின் விலையை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுப்பதைத்தான் மோசடி என்கிறேன். கற்றுக்கொள்கிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வண்ணம் சேறானால் தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்கள், தாளைச் சந்தேகிக்கவே தோன்றாது.

ஆகவே கட்டு வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு தாளைப் பலிகொடுங்கள். பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையின் வாசகமும் அதில் தெரியட்டும். அந்தத் தாளில் ஓர் அகலமான வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு), காய்ந்ததும் மேலே இன்னொன்று, ஓரத்தில் கொஞ்சம் மாஸ்கிங் ஃப்ளூயிட், ஒரு துண்டு டேப். புள்ளி, நார், உரிதல் எது தெரிந்தாலும் மற்ற தாள்களைத் தொடாமல் உடனே திருப்பிவிடுங்கள். அலமாரியில் வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துப் பிரித்தால் காலக்கெடு போய்விடும். நல்ல தாளாகவே இருந்தாலும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

இப்போதெல்லாம் வாங்கும் முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்கிறேன்: இழை முழுக்கப் பருத்தியா, அல்லது கலப்பா? கலப்பென்றால் எத்தனை சதவீதம்? பசை கூழிலேயே இருக்கிறதா, மேற்பரப்பிலும் உண்டா? தயாரித்த ஆலை எது? ஒற்றைத் தாள் மாதிரியாகக் கிடைக்குமா? சுற்றி வளைத்து, “மிக உயர்ந்த தரம்” என்று மட்டும் பதில் வந்தால் அங்கே வாங்குவதில்லை. என்னை ஏமாற்றிய தாள் அதே அட்டையோடு, அதே 100% காட்டனோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.