டர்பன் தம்பதிகளுக்கு நாலு வாசல்: எங்கே பேசினால் யார் காதில் விழும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் டர்பனின் பல மூலைகளிலிருந்து இந்தியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1960களில் குடியமர்த்திய ஊர் இது. பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோடும் சின்ன வீடுகள். முன்பக்கம் அப்பா அம்மா, பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கில் கல்யாணமான மகனும் மருமகளும். அங்கே ஒரு கதவை அறைந்து சாத்தினால் முன்வீட்டில் டிவி சத்தம் குறையும். என்ன நடக்கிறது என்று கேட்கத்தான்.

அதனால், தம்பதிகளுக்கு உதவும் நிகழ்ச்சிகள் என்று யார் எதைச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அங்கே பேசுவது யார் காதில் விழும்? பேச்சாளர் யார், எத்தனை வாரம், சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அப்புறம்.

நம்மவர்கள் முதலில் தட்டுவது பெரியவர்களின் வாசலைத்தான். செலவில்லை, அன்றைக்கே நடக்கும். பெரியப்பா, மாமா, பெண் பக்கத்து அத்தை எல்லோரும் லவுஞ்சில் உட்காருவார்கள். டீ வரும். அரை மணி நேரத்தில் பெரியப்பா பெண்ணைப் பார்த்து, “வீட்டுக்கு வீடு வாசப்படிதான், கொஞ்சம் பொறுத்துப் போம்மா” என்பார். பையனிடம், “நீயும் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வாடா.” பஞ்சாயத்து முடிந்தது. இதைக் கேலி செய்ய மாட்டேன். கடன் தொல்லையா, குடியிருக்க இடம் போதவில்லையா, இப்படிப்பட்ட சிக்கலைப் பெரியவர்கள் அன்றே தீர்த்துவிடுவார்கள், கையிலிருக்கும் பணத்தைக்கூடக் கொடுப்பார்கள். ஆனால் சண்டை எதனால் வந்தது என்பதை அந்த அறையில் இருவரில் ஒருவரும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிரேயருக்குள் வடக்கே டோங்காட் ஊர்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, கோயில் வாசல். கல்யாணத்துக்கு முன் ஐயர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டுவைத்துப் பேசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பெரும்பாலும் தாலி, அம்மி, அருந்ததி, ஏழடி என்று சடங்குகளின் பொருள்தான் சொல்வார்கள். நல்ல விஷயம். தமிழ் புழக்கம் குறைந்துபோன தலைமுறைக்கு அது அவசியமும்கூட. எனக்கு இதில் ஒரே குறை, பணத்தைப் பற்றிப் பேசாமல் அனுப்பிவிடுவது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, பதிவாகும் திருமணத்தில் முன்கூட்டியே வேறு ஒப்பந்தம் செய்யாவிட்டால் இருவரின் சொத்தும் கடனும் பொதுவாகிவிடும். ஒப்பந்தத்தை நோட்டரி முன்னால், கல்யாணத்துக்கு முன்பே போட வேண்டும். தாலி ஏறிப் பதிவும் ஆன பிறகு மாற்ற நினைத்தால் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, சடங்கு செய்துவைப்பவர் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி அரசு நியமித்த திருமண அதிகாரியாக இல்லாவிட்டால், ஹாலில் ஐந்நூறு பேர் பார்க்க நடந்த கல்யாணமும் பதிவேட்டில் இருக்காது. இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு பெண், உயிலில்லாமல் இறந்த கணவரின் சொத்தில் தனக்குப் பங்குண்டு என்று நிலைநாட்ட 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. வென்றார், சரி. அந்த அலைச்சலை ஒரு மணி நேரப் பேச்சில் தவிர்த்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வாசலில்தான் உண்மையான போட்டி. இரண்டு நிகழ்ச்சிகள், இரண்டும் சர்ச்சிலிருந்து வந்தவை. சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் தமிழ்க் குடும்பங்களில் பாதிச் சொந்தம் கோயிலுக்கும் பாதிச் சொந்தம் சர்ச்சுக்கும் போவது சகஜம் என்பதால், இதை வேற்றார் சரக்காக யாரும் பார்ப்பதில்லை.

ஒன்று மேரேஜ் என்கவுன்ட்டர். ஸ்பெயினில் கேப்ரியல் கால்வோ என்ற பாதிரியார் 1950களில் தம்பதிகளுக்காக ஆரம்பித்த பேச்சுகள், 1960களில் வாரக்கடைசி நிகழ்ச்சியாக உருவெடுத்து உலகம் சுற்றின. வெள்ளி சாயங்காலம் போனால் ஞாயிறு மத்தியானம்தான் திரும்புவீர்கள். சில தம்பதிகளும் ஒரு பாதிரியாரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு ஒரு கேள்வி. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டும், பிறகு அறைக்குப் போய் மாற்றிப் படித்துப் பேச வேண்டும். கூட்டத்தில் எழுந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி போய்வந்தது. அவர்களே சொன்னதுதான், அதனால் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் அவர் மூன்று வரி எழுதினார். மூன்றாவது வரி, பக்கி (பிக்கப்) வண்டியின் தவணையைப் பற்றி. அந்த அம்மா இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாவியைப் பற்றி. அவுட்பில்டிங்கின் இன்னொரு சாவி மாமியாரிடம் இருந்தது. வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் துணி மடித்து, அலமாரி அடுக்கி, பாத்திரம் இடம் மாறியிருக்கும். பதினோரு வருஷம். “ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்று அவர் கேட்டிருக்கிறார். “எங்க வெச்சுச் சொல்றது?” என்று பதில். பேனாவும் பூட்டிய அறையும் இல்லாமல் அந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது. இரண்டில் எனக்கு இதுதான் ஆழமானது என்று சொல்வேன். ஆனால் எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கு, முக்கியமாக ஸ்கூலைப் பாதியில் விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போன தலைமுறைக்கு, இது பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். கத்தோலிக்க வாசனையும் தூக்கலாக இருக்கும்.

இன்னொன்று தி மேரேஜ் கோர்ஸ். லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சர்ச்சில் நிக்கி லீ, சிலா லீ தம்பதி 1996இல் தொடங்கியது. ஏழு அமர்வுகள், பொதுவாக வாரம் ஒன்று. சாப்பாட்டோடு ஆரம்பம், ஜோடிக்கு ஒரு தனி மேஜை. வீடியோ ஓடி நிற்கும், அப்போது இருவரும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அறையில் பாட்டு ஒலிக்கவிடுவார்கள். பக்கத்து மேஜையில் பேசுவது கேட்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. யோசித்துச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு! குழு விவாதம் கிடையாது, யாரிடமும் எதையும் ஒப்பிக்க வேண்டாம். ஐந்தாவது அமர்வு முழுக்கப் பிறந்த வீட்டின் தாக்கத்தைப் பற்றியது. நம் வீடுகளுக்கு அதை முதலில் வைத்திருக்கலாம். குறை என்று பார்த்தால், லண்டன் நடுத்தர வர்க்கத்து உதாரணங்கள் சில இங்கே ஒட்டாது. ‘வாரம் ஒரு மாலை நாம் இருவர் மட்டும்’ என்று அவர்கள் சொல்லும்போது, ஷிஃப்ட் வேலைக்காரரும் இரண்டு வயதுப் பிள்ளையின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இந்துக்களும் வரலாம். கடவுள் பேச்சு உண்டு, ஆனால் மதம் மாற்றும் தொனி இல்லை.

நாலாவது, ஃபாம்சா. ‘ஃபேமிலீஸ் சவுத் ஆப்பிரிக்கா’ என்பதன் சுருக்கம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு. இது நிகழ்ச்சியில்லை, ஆலோசனை. பயிற்சி பெற்றவர் முன்னால் இருவரும் உட்காருவது, தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசுவது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது இவர்கள் வழக்கம், வேலையில்லாதவரும் தயங்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தியும் விருந்தும் கிடையாது, நீல நிற நாற்காலியும் காத்திருப்பும்தான். ஆனால் மூன்றாவது ஆள் தேவைப்படும் நிலை வந்துவிட்டால், அந்த மூன்றாவது ஆள் சொந்தக்காரராக இல்லாதது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கை நீட்டுகிற வீட்டுக்கு மேலே சொன்ன கோர்ஸும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். பயந்திருக்கிறவள் உண்மையை எழுதினால் அன்றிரவு அதற்கே அடி விழும். 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு மனுப் போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரியப்பா ‘பொறுத்துப் போ’ என்று சொன்னாலும் சரி.

இதெல்லாம் பலிக்குமா என்றால், அளவோடு எதிர்பார்க்க வேண்டும். அமெரிக்க அரசு பணம் போட்டு, புதிதாகப் பிள்ளை பெற்ற, மணமாகாத ஐயாயிரத்துச் சொச்சம் ஜோடிகளை வைத்துச் சோதித்த ‘பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலீஸ்’ திட்டத்தில், மூன்று வருஷம் கழித்து மொத்தத்தில் உறவின் தரம் கூடியிருக்கவில்லை. வகுப்புக்குக் கூப்பிட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கல்யாணமானவர்களுக்கான இன்னொரு திட்டத்தில் சின்ன அளவில் நல்ல பலன் தெரிந்தது. ஆக, பாதியில் நிற்காமல் போய்வர முடிகிற இடமாகப் பார்ப்பது முக்கியம்.

இந்த ஊரில் என்னைக் கேட்டால்: கல்யாணம் நிச்சயமானவர்கள் ஐயரிடமும் போகட்டும், அதே மாதத்தில் நோட்டரியிடமும் போகட்டும். சண்டை இல்லை, பேச்சுதான் குறைந்துபோச்சு என்கிற ஜோடிக்கு மேரேஜ் கோர்ஸ். பல வருஷமாக ஒரே விஷயம் உள்ளேயே கிடந்து புழுங்குகிறது, இருவருக்கும் எழுத வரும் என்றால் என்கவுன்ட்டர். பிரியலாமா என்ற பேச்சு வந்துவிட்டவர்கள் நேராக ஃபாம்சா. எதற்குப் போனாலும் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதை முன்னாடியே முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டியிடம்தான் என்றால், ‘ஒரு கோர்ஸுக்குப் போகிறோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன கோர்ஸ் என்று கேட்பார். கம்ப்யூட்டர் என்று சொன்னால் போதும்.