சாடிவெக்ஸ் வாய்த் தெளிப்பு மருந்து: நான்கு வாரச் சோதனைக்குப் பின்

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் கால் தசைகள் இறுகிப்போன என் மனைவிக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் சாடிவெக்ஸ் மருந்து இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வழியாகக் கிடைத்தது. மருந்தின் குணத்தைச் சொல்வதற்கு முன் அதற்குத் தகுதி பெறும் வழியைச் சொல்லியாக வேண்டும். எங்களை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

2010-இலேயே உரிமம் பெற்ற மருந்து என்றாலும், 2019 நவம்பரில் எந்தச் சிகிச்சையை என்.எச்.எஸ். தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் வந்த பிறகே இங்கு பொதுச் சேவையில் இதற்கு வழி பிறந்தது. தசை இறுக்கம் மிதமானதாகவோ கடுமையானதாகவோ இருக்க வேண்டும்; பாக்லோஃபென், கபாபென்டின் போன்ற மருந்துகள் போதிய பலன் தராதிருக்க வேண்டும். வலிக்காகவோ சோர்வுக்காகவோ கேட்டால் கிடைக்காது. குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சிதைவு நோய் இருந்தாலும் தரமாட்டார்கள். சிகிச்சையைத் தொடங்குபவர் இந்நோயின் தசை இறுக்கத்தில் தேர்ந்த மருத்துவராக இருக்க வேண்டும் என்பதால், குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பயனில்லை. நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனை "அடுத்த முறை பார்க்கலாம்" என்றே எட்டு மாதங்களைக் கடத்தியது, இரவெல்லாம் துடிக்கும் ஒருவரை அப்படிக் காக்க வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் முதலில் கேட்டது அவளுடைய குறிப்பேட்டை. இறுக்கத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளியே மதிப்பிட வேண்டும். மருந்தைச் சோதித்துப் பார்க்கும் நான்கு வாரத்தில் அது 20 சதவீதமாவது குறைந்தால்தான் மருந்து தொடரும். அவள் எழுதியிருந்த எண் 8 என்பதால், 6.4-க்கோ அதற்குக் கீழேயோ வர வேண்டியிருந்தது. நான்காம் வார இறுதியில் 5 என்று எழுதினாள். எண்ணைவிட எனக்குப் புரிந்தது காலுறைதான்: விரல்கள் மடங்கி விறைத்த பாதத்தில் அதை மாட்டப் பத்து நிமிடம் போராடுவேன், இப்போது ஒரே இழுப்பில் ஏறுகிறது. நடை மாறவில்லை; ஆனால் நள்ளிரவில் கால் வெட்டி இழுத்து அவளை எழுப்புவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. மருந்தில் பாதி ஆல்கஹால். புதினா மணத்தை மீறி வாய் எரியும். ஒரே இடத்தில் அடித்தால் புண்ணாகும் என்பதால், நாக்கின் அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நாளொன்றுக்கு 12 தெளிப்பு வரை உச்ச வரம்பு. படிப்படியாகக் கூட்டி அவள் ஆறில் நிறுத்திக்கொண்டாள். முதல் வாரம் தலைசுற்றல் இருந்ததால் கார் ஓட்டுவதை முழுவதுமாக விட்டுவிட்டாள். திறந்த 10 மில்லி குப்பியை 42 நாட்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கிறோம்.