முதல் கேமிங் கணினிக்கு எந்தப் பிராசசர்? கோத்தகிரியிலிருந்து ஒரு கணக்கு

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஒரு நோட்டுத் தாளில் மூன்று பிராசசர்களின், அதாவது கணினியின் மூளையான சில்லுகளின், பெயர்களை எழுதிக்கொண்டு வந்து நின்றான். ஏ.எம்.டி. ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ5-12400எஃப், ஏ.எம்.டி. ரைசன் 5 7600. "மாமா, இதில் எதை வாங்குவது?" என்று கேட்டான். கையிருப்பு 60,000 ரூபாய். பச்சைத் தேயிலைக்கு ஓரளவு விலை கிடைத்த மாதங்களில் அக்கா ஒதுக்கி வைத்த பணம் அது. மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்ற எல்லாச் சாமான்களும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

மூன்றும் நல்ல பிராசசர்கள். மூன்றிலும் ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதிகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). எதை வாங்கினாலும் அவன் விளையாட நினைக்கும் கேம்கள் ஓடும். ஆனாலும் கோவையில் குடியிருப்பவருக்குச் சொல்லும் பதிலை நான் கோத்தகிரிக்காரருக்குச் சொல்ல மாட்டேன். 2022 இறுதியில் எனக்கு நேர்ந்த ஒரு அனுபவம் அதற்குக் காரணம்.

அப்போது என் முதல் கணினியை நானே பொருத்தினேன். ரைசன் 5 5600, எல்லாச் சாமான்களையும் இணைக்கும் மதர்போர்டு ஒன்று (பி450 ரகம்), திரைக்கான படத்தை உருவாக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. எல்லாவற்றையும் மாட்டி இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. ரேமை (தற்காலிக நினைவகத்தை) கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். கோளாறு கார்டிலா, போர்டிலா, ரேமிலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 5600-க்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. கார்டு இல்லாமல் அது பேசாது. மாற்றிப் பார்க்க இன்னொரு கார்டும் என்னிடம் இல்லை. மறுநாள் கேபினெட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனேன். அந்த போர்டு கடை அலமாரியில் வெகுநாள் கிடந்த சரக்கு. அதிலிருந்த பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள், 5600 சந்தைக்கு வருவதற்கு முந்தைய காலத்தது; அந்தப் பிராசசரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. கடைக்காரர் பழைய ரைசன் ஒன்றை மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, என் பிராசசரைத் திரும்ப வைத்தார். கால் மணி நேர வேலை. எனக்கு ஒரு முழு நாளும் அந்த நாளின் சம்பளமும் போயின.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, வாங்கும் சாமான் நம் வீட்டு மேசையில், மாற்று உதிரி எதுவும் இல்லாமல், முதல் நாளே எழுந்து நிற்குமா என்பதைத்தான். வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கிறேன்.

வேகத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 12400எஃப் 2022 ஜனவரியில் வந்தது, 5600 அதே ஆண்டு ஏப்ரலில். இரண்டின் உச்ச வேகமும் 4.4 கிகாஹெர்ட்ஸ். 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) 32 எம்.பி., 12400எஃப்-இல் 18 எம்.பி. சில கேம்களில் அது முன்னால் வரும், சிலவற்றில் இது. ஆர்.எக்ஸ். 6600 அல்லது ஆர்.டி.எக்ஸ். 4060 தரத்தில் ஒரு கார்டைப் போட்டு விளையாடினால், திரையைப் பார்த்து எது எந்தப் பிராசசர் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் வந்த 7600 இவற்றைவிடத் தெளிவாக வேகமானது, உச்சம் 5.1 கிகாஹெர்ட்ஸ். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பைப் போலப் பெரும்பாலும் ஒரே கோரின் வேகத்தை நம்பி ஓடும் கேம்களில் அந்த வேறுபாடு தெரியும். வாலரண்டிலும் தெரியும், மானிட்டர் அதைக் காட்டினால். அக்கா வீட்டு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். பிராசசர் நொடிக்கு 300 படங்கள் தந்தாலும் அது 60 முறைதான் திரையைப் புதுப்பிக்கும். 7600-க்குத் தரும் கூடுதல் பணத்தின் பலன் அவன் கண்ணுக்கு எட்டாது.

நான்கு கோர் கொண்ட கோர் ஐ3-12100எஃப்-ஐயும் சிலர் சொல்வார்கள். வாலரண்ட் மட்டும் போதும் என்பவருக்குச் சரி. புதிய பெரிய கேம்களை நினைத்திருக்கும் பையனுக்கு நான் அதை வாங்கித் தர மாட்டேன்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். முதல் முறை செய்பவரின் கை நடுங்கும் இடம் இதுதான்.

5600 உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன; மொத்தம் 1,331. பிராசசரின் ஒரு மூலையில் சிறிய தங்க முக்கோணம் ஒன்று இருக்கும், சாக்கெட்டிலும் அதே அடையாளம் இருக்கும். இரண்டையும் நேராக வைத்துக் கையை விட்டால் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்துவிடும். அழுத்தவே கூடாது. வைப்பது சுலபம், எடுப்பதுதான் ஆபத்து. பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் குளிரில் இறுகிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். மார்கழியில் ஒரு காலைப்பொழுதில் கூலரை நேராக மேலே இழுத்தேன். பூட்டு மூடியபடி இருக்க, பிராசசரும் கூலரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் நான்கைந்து ஊசிகள் சாய்ந்திருந்தன. ஈயக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பிழைத்துக்கொண்டது. கூலரைக் கழற்றுமுன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் சூடாக இருக்கும்போதே கூலரை மெல்ல இடமும் வலமும் திருகிப் பிறகு தூக்குங்கள். இந்த மலையில் இதை மறக்கவே கூடாது.

12400-இன் (எஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும்) எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் எல்லாம் தலைகீழ். பிராசசரின் அடி வழவழப்பாக இருக்கும்; 1,700 மெல்லிய கம்பிகள் போர்டின் சாக்கெட்டுக்குள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காற்றில் சாய்ந்த புல்வெளிபோலப் பளபளக்கும். அதில் விரல் பட்டால் முடிந்தது. வளைந்த கம்பியை வீட்டில் நிமிர்த்துவது ஏறக்குறைய முடியாத காரியம், உடைந்த சாமானுக்கு வாரண்டியும் கிடைக்காது. பிராசசரை வைத்த பிறகு நெம்புகோலை இறக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். எதையோ உடைத்துவிட்டோம் என்று பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். உடையவில்லை, அந்த அழுத்தம் தேவை. கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி வெளியே வரும். அதைத் தூக்கி எறியாமல் போர்டின் பெட்டியில் வைத்திருங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். 7600-இன் ஏ.எம்.5 சாக்கெட்டும் இதே வகைதான், 1,718 கம்பிகள்.

கூலர் விஷயத்தில் ஏ.எம்.டி. எனக்குப் பிடிக்கும். நான்கு திருகுகள், திடமான பிடிப்பு. இன்டெல் பெட்டியில் வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் ஊசிக்கால்கள். மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தி நான்கிலும் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். ஒன்று கேட்காவிட்டாலும் போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இனி போர்டு. 12400-க்கான எச்610 போர்டுகள் அந்தப் பிராசசர் வந்த அதே 2022 ஜனவரியில் வெளியானவை. எந்தக் கடை அலமாரியில் எவ்வளவு நாள் கிடந்திருந்தாலும் 12400-ஐ அடையாளம் கண்டுகொள்ளும். 5600-க்கு அந்த உறுதி இல்லை. பி450, பி550 ரகப் போர்டுகள் இரண்டும் அதற்கு முன்பே வந்துவிட்டவை. பழைய சரக்கு கைக்கு வந்தால் பயாஸைப் புதுப்பிக்காமல் திரை விழிக்காது. சில போர்டுகளில் பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பிராசசர் இல்லாமலேயே புதுப்பிக்கும் வசதி உண்டு. அதையும் கரண்டை நம்பித்தான் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எங்கள் பக்கம் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. பயாஸ் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அடுத்து, 12400எஃப் என்ற பெயரின் கடைசி எழுத்து. அந்த "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. எஃப் இல்லாத 12400-இல் யு.எச்.டி. 730 என்ற கிராபிக்ஸ் பகுதி உண்டு. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வதுதான் பொதுவான அறிவுரை. கார்டு வாங்கப்போகிறவனுக்கு அது எதற்கு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக் கணக்கில் ஆகலாம். எஃப் வாங்கியவருக்கு அதுவரை கணினியே இல்லை. எஃப் இல்லாதவர் போர்டிலேயே மானிட்டரை மாட்டிப் பாடம் படிக்கலாம், விண்ணப்பம் போடலாம், குறைந்த அமைப்பில் வாலரண்டும் ஆடலாம். கோளாறு கார்டிலா வேறு எங்காவதா என்பதும் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு அன்று தேவைப்பட்டது அந்த இரண்டு நிமிடம்தான். 7600-இலும் சிறிய கிராபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது. எஃப் இல்லாத 12400, 7600 இரண்டோடு ஒப்பிட்டால் 5600 மட்டுமே இதில் வெறுங்கையோடு நிற்கிறது.

கார்டு வாங்க ஒரு வருடம் ஆகும் என்ற நிலை இருந்தால் கணக்கு மாறும். அப்போது ரைசன் 5 5600ஜி. அதன் வேகா 7 கிராபிக்ஸ் யு.எச்.டி. 730-ஐவிடத் தெளிவாகத் தெம்பானது. ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. குச்சிகளாகப் போட்டால்தான் அந்தத் தெம்பு வெளிப்படும். குறையும் உண்டு: எல்3 கேஷ் பாதி, 16 எம்.பி. மட்டும், கார்டோடு பேசும் பி.சி.ஐ.இ. இணைப்பும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. பின்னாளில் நல்ல கார்டு போடும்போது 5600-ஐவிட அது பின்தங்கும்.

சூட்டைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதில்லை, பெரும்பாலும் அது சரி. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் இங்கே எடுத்துச் செல்லும் வெப்பம் குறைவு. சென்னையில் அறை வெப்பநிலையைவிட 40 டிகிரி மேலே நிற்கும் பிராசசர் இங்கே 46 டிகிரி அளவுக்கு மேலே நிற்கும். இருந்தாலும் சென்னை அறை 32 டிகிரி என்றால் நம் அறை 18. அங்கே 72-ஐத் தொடுவது இங்கே 64-இல் நின்றுவிடும். பெட்டியோடு வரும் கூலரே மூன்றுக்கும் போதும். தனிக் கூலருக்கான பணத்தை, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் போடுங்கள்.

மின்செலவில் 12400-இன் உச்ச வரம்பு 117 வாட், ஏ.எம்.டி. இரண்டும் அதற்குக் கீழே. கேம் ஓடும்போது எதுவும் அந்த உச்சத்தைத் தொடாது. ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். 600 வி.ஏ. யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். கரண்ட் போனதும் கேமை மூடி ஒழுங்காக அணைக்க அது போதும். தொடர்ந்து விளையாட அல்ல.

எதிர்காலம் என்று பார்த்தால் 7600-தான் வலுவான தேர்வு. ஏ.எம்.5 சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது, போர்டை மாற்றாமல் பின்னாளில் புதிய பிராசசர் போடலாம். எல்.ஜி.ஏ. 1700-இன் ஆயுள் இன்டெலின் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அதிலும் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் பலவற்றில் 2024-இல் நிலையின்மைச் சிக்கல் எழுந்து, இன்டெல் பயாஸ் திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது. 12400 அந்தச் சிக்கலுக்கு முந்தைய தலைமுறை. ஆனால் 7600-க்குப் புதிய தலைமுறை டிடிஆர்5 ரேம் கட்டாயம், பழைய டிடிஆர்4 ஓடாது. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகமெங்கும் ஏறியபோது அந்தப் பாதை இன்னும் செங்குத்தாகிவிட்டது. 60,000-க்குள் 7600-ஐ வைத்தால் கார்டில் கை வைக்க வேண்டிவரும். கேமிங் கணினியில் நான் கடைசியாகக் கை வைக்கும் இடம் கார்டு.

பணம் உள்ளவர்கள் 7600 வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். முதல் முறை இயக்கும்போது அது ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பயந்துபோய் அணைத்துவிடாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

5600-ஐ நான் ஒதுக்கவில்லை. யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் பி450 போர்டும் டிடிஆர்4 ரேமும் இருந்து, பழைய பிராசசரை மட்டும் மாற்றுவதானால் அதைவிட நல்ல பேரம் இல்லை. பயாஸை பழைய பிராசசர் உள்ளபோதே புதுப்பித்துக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாமல் தொடங்குகிறவருக்கு, அதுவும் மலையில், அது முதல் தேர்வு இல்லை.

அக்கா மகனுக்கு எஃப் இல்லாத 12400, எச்610 போர்டு, இரண்டு 8 ஜி.பி. டிடிஆர்4 ரேம், ஆர்.எக்ஸ். 6600 என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வருட வாரண்டியோடு வரும் பெட்டிப் பிராசசரைத்தான் கேட்க வேண்டும், பெட்டியில்லாமல் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். பொருத்தும்போது கார்டை அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை போர்டில் செருகினோம். பொத்தானை அழுத்தியதும் பயாஸ் திரை வந்தது. பிராசசரின் பெயரையும் 16 ஜி.பி. ரேமையும் அவனே படித்துச் சரிபார்த்தான். விண்டோஸ் ஏற்றி முடித்து, மறுநாள்தான் கார்டை மாட்டினான். மாட்டிய பிறகு கேபிளை போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் செருக வேண்டும் என்பதை அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டுத்தான் நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.