ஏழாவது தட்டில் மட்டும் அடிக்க வேண்டும்

போன மாதம் ‘ரிதம் டாக்டர்’ என்ற சின்னத் தாள ஆட்டம் கைக்கு வரும்வரை, என் கம்ப்யூட்டரில் 120 ஜிபியை ஒரே ஆட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். 269 ரிங்கிட் கொடுத்து வாங்கியது. வேலை முடிந்து செந்தூல் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் அப்டேட் ஓடும். அப்புறம் ‘பேட்டில் பாஸ்’ (தனிக் காசு கட்டிப் பரிசுகள் திறக்கும் சீட்டு) வாங்கு, வீரனுக்குப் புதுச் சட்டை வாங்கு என்று உண்டியல் குலுக்கும். டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவனிடமே உண்டியல்!

பெரிய கம்பெனிகளின் போக்கே இதுதான். 2020-இல் 60 டாலர் ஆட்டங்கள் 70-க்கு ஏறின. 2025-இல் நிண்டெண்டோ ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’டுக்கு 80 டாலர் வைத்தது. சோனியின் ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் ஆட்டம் 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது, செப்டம்பர் 6-இல் சர்வரை மூடிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் எங்கள் கோயில் திருவிழாப் பந்தல்கூட அதைவிட அதிக நாள் நிற்கும்.

என் தங்கை மகன்தான், “மாமா, இது நம்ம மலேசியாக்காரர் செஞ்ச கேம், உங்களுக்குத்தான் சரியா இருக்கும்” என்று ‘ரிதம் டாக்டரை’ப் போட்டுக் காட்டினான். ஹபிஸ் அஸ்மான் தொடங்கிய செவன்த் பீட் கேம்ஸ் என்ற சின்னக் குழுவின் ஆட்டம். 2021 பிப்ரவரியில், இன்னும் முழுதாக முடியாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. விலை, அந்தப் பெரிய ஆட்டத்துக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.

ஆட்டம் இவ்வளவுதான்: நீங்கள் ஒரு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர். நோயாளியின் நாடி பாட்டோடு சேர்ந்து துடிக்கும். ஏழாவது துடிப்பில் ஸ்பேஸ் பட்டனைத் தட்ட வேண்டும். வேறு பட்டனே கிடையாது.

நான் பதினாறு வருடமாக உறுமி மேளக் குழுவில் இருப்பவன். அதற்கு முன் கோயிலில் தவில் பழகியவன். ஏழு என்றதும் ‘தகிட தகதிமி’ என்று விரல் தானாகப் போடும். இதெல்லாம் ஒரு கணக்கா என்று உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே நோயாளியைப் படுத்தி எடுத்துவிட்டேன்! நமக்குச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் அடியில், விழுந்தே பழக்கம். ஏழைத் தாண்டி ஒன்றில்தான் கை இறங்கும். இங்கேயோ அந்த ஏழிலேயே இறங்க வேண்டும். ஆறு துடிப்புக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது, சும்மா இருக்கத் தெரியாத மேளக்காரனுக்குப் பெரிய தண்டனை. எங்கள் வாத்தியார் “அடிக்காத அடியையும் எண்ணு” என்று தலையில் குட்டுவார். அந்தக் குட்டை மறுபடி வாங்கிய மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. சில துடிப்புகள் சத்தமில்லாமல் போகும், நாம் மனதுக்குள் எண்ண வேண்டும். ஒரு கட்டத்தில் வைரஸ் புகுந்து படமும் சத்தமும் விட்டுவிட்டு வரும். இன்னோர் இடத்தில் ஆட்டம் ஓடும் ஜன்னலே (விண்டோ) கம்ப்யூட்டர் திரையில் அங்குமிங்கும் ஓடும். கண்ணை நம்பினால் தொலைந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுத்தான் தாண்டினேன். இப்படி ஒரு குறும்பைப் பெரிய கம்பெனியில் எத்தனை கூட்டம் போட்டாலும் யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

குறையும் உண்டு. தாளக் கணக்கு புரியாதவர்களுக்கு நடுவில் திடீரென்று கடினமாகிவிடுகிறது. கதை வசனம் கொஞ்சம் நீளம். நான் பாதியைத் தட்டிவிட்டுப் போனேன். தங்கை மகன் திட்டினான், அவனுக்குக் கதைதான் பிடிக்குமாம்.

பத்துமலைக்கு ஒத்திகை பார்க்க வந்த பையன்களிடமும் கொடுத்துப் பார்த்தேன். பம்பை அடிக்கிறவன் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். உறுமிக்காரன் இன்னும் என்னோடு பேசவில்லை.

வாங்குகிறவர்கள் புளூடூத் இயர்போனில் விளையாட வேண்டாம், சத்தம் ஒரு நூல் பிந்தி வந்து காதையே சந்தேகப்பட வைக்கும். ஒயர் உள்ளது போதும். கோலாலம்பூர் லோயாட் கம்ப்யூட்டர் கடைகளில் 15 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.